எழுதப்படாத நூலின் ஆசிரியர்

அமைப்பியல் என்ற பெயரைத் தம் கருத்துக்குச் சூட்டாத ஒருவரையே உலகம் அமைப்பியலின் தந்தை என அழைத்துவருகிறது. அவர் பெயரால் உலவும் நூலை அவர் எழுதவில்லை. அந்நூலைத் தொகுத்த இருவரும் அதற்கு அடிப்படையான வகுப்புகளில் அமர்ந்தவர்கள் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் மானிடவியலையும் இலக்கியத் திறனாய்வையும் உளப்பகுப்பாய்வையும் ஒருசேர அசைத்துப் பார்த்த ஒரு சிந்தனை, ஜெனீவா நகரில் ஒரு டஜன் மாணவர்களுக்கு மேல் கூடாத ஓர் அறையில் பேசப்பட்டு, பேசியவராலேயே கைவிடப்பட்டு, மாணவர் குறிப்பேடுகளில் எஞ்சிக் கிடந்த ஒன்று. ஃபெர்டினாண்ட் டி சசூரின் வாழ்க்கையை அறிய முயல்பவர் முதலில் எதிர்கொள்வது அவருடைய மௌனத்தைத்தான்.

1857 நவம்பர் 26 அன்று ஜெனீவாவில் அவர் பிறந்தார். குடும்பம் செல்வமும் அறிவியல் புகழும் ஒருங்கே வாய்ந்தது. கொள்ளுத்தாத்தா ஹோரஸ் பெனடிக்ட் டி சசூர், மோன் பிளாங் சிகரத்தை அடைய வழி காண்பவருக்குப் பரிசு தருவதாக 1760இல் அறிவித்து, பிறர் ஏறிய மறு ஆண்டான 1787இல் தாமே கருவிகளோடு அதன் உச்சிக்குச் சென்று அளவெடுத்தவர். தந்தை ஹென்றி பூச்சியியல் அறிஞர். மெக்சிகோவரை சென்று குளவிகளையும் பிற பூச்சிகளையும் ஆராய்ந்தவர். வகைப்படுத்துவது, உறுப்புகளுக்கு இடையிலான உறவைப் பார்ப்பது, கண்ணுக்குத் தெரியும் வேற்றுமையைக் கொண்டு தெரியாத ஒழுங்கை ஊகிப்பது என்பன அந்த வீட்டின் அன்றாடப் பழக்கங்கள். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர் குளவிகளை விட்டுச் சொற்களின் பக்கம் திரும்பினார் என்பது மட்டுமே மாறுதல்.

திருப்பத்திற்குக் காரணம் அடோல்ஃப் பிக்தே என்ற முதியவர். குடும்ப நண்பரான அவர், சொற்களைச் சான்றாகக் கொண்டு பண்டைய இந்தோ ஐரோப்பியரின் வாழ்க்கையை மீட்டுருவாக்க முயன்றவர். சிறுவன் சசூர் அவருடைய நூலைப் படித்து மயங்கி, பதினைந்து வயது நிரம்புமுன், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் ஆகிய மூன்றின் சொற்களையும் ஒருசில வேர்களுக்குள் அடக்கிக்காட்டும் கட்டுரை ஒன்றை எழுதி அவருக்கு அனுப்பினான். முதியவர் சிரிக்காமல் படித்தார்; இத்தகைய உலகளாவிய முறைமைகளில் அவசரம் வேண்டாம் என்று அன்போடு அறிவுரை கூறினார். அறிவுரை சரியானதுதான். ஆயினும் எண்ணற்ற சொற்களுக்குப் பின்னே எண்ணிக்கையில் அடங்கும் ஓர் ஒழுங்கு இருந்தாக வேண்டும் என்ற பிள்ளைப் பிராயத்து நம்பிக்கை அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இயற்பியலும் வேதியியலும் படித்துவிட்டு, 1876இல் லைப்சிக் சென்றார். ஒப்பீட்டு மொழியியலின் தலைநகரம் அப்போது அதுவே. ஒலிமாற்ற விதிகளுக்கு விலக்கே இல்லை என்று முழங்கிய இளம் இலக்கணிகள் அங்கே கோலோச்சினர். அங்கு போய்ச் சேர்ந்ததும் இளைஞருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. பள்ளிப் பருவத்தில் ஹெரோடோடஸைப் படித்துக்கொண்டிருக்கையில் ஒரு கிரேக்க வினைவடிவைக் கண்டு, மூக்கொலி சில இடங்களில் உயிரைப்போல் நின்று பின்னர் அகரமாக மாறியிருக்க வேண்டும் என்று அவர் தமக்குள் முடிவுசெய்திருந்தார். அது எல்லோரும் அறிந்த செய்திதான் என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டார். அதே முடிவை அந்த ஆண்டு ப்ரூக்மன் வெளியிட, லைப்சிக் முழுவதும் அதைப் பெருங்கண்டுபிடிப்பாகப் பேசிக்கொண்டிருந்தது. இந்த வடு ஆழமானது. 1903இல் கூட, லைப்சிக் நாட்களைப் பற்றித் தமக்காக எழுதிவைத்த குறிப்புகளில், எது யாருடையது என்று கணக்குத் தீர்த்துக்கொள்ள அவர் முயன்றிருக்கிறார்.

1878 டிசம்பரில், இருபத்தொரு வயதில், இந்தோ ஐரோப்பிய மொழிகளின் தொன்மை உயிரெழுத்து முறை பற்றிய தம் நூலை அவர் வெளியிட்டார். வாழ்நாளில் அவர் வெளியிட்ட முழுமையான பெருநூல் இது ஒன்றே. இதன் துணிச்சலைச் சற்று நின்று பார்ப்பது தகும். கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் முதலிய மொழிகளில் உயிர்கள் ஒன்றுக்கொன்று மாறும் முறையை ஒப்பிட்டுப் பார்த்தவர், அந்த மாற்றங்கள் ஒழுங்காக அமைய வேண்டுமானால் மூலமொழியில் வேறு சில ஒலிகளும் இருந்திருக்க வேண்டும் என்றார். எந்த ஒலிகள்? அவற்றின் உச்சரிப்பு எத்தகையது? அதைப் பற்றி அவர் அக்கறை கொள்ளவில்லை. அந்த ஒலிகள் அதே வடிவில் எஞ்சிய மொழி ஒன்றுகூட அன்று அறியப்பட்டிருக்கவில்லை. அமைப்பில் அவற்றிற்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் மற்ற இடங்களோடு இன்ன உறவில் நிற்கிறது. ஆகவே அவை இருந்தன. ஒரு கோளின் பாதை பிறழ்வதைக் கொண்டு இன்னொரு கோளின் இருப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் வானியலாரின் முறை இது.

ஜெர்மானிய அறிஞர்களில் பலர் முகம் சுளித்தனர். புள்ளிவிவரமும் சான்றுமாக வளர்ந்த துறையில் இந்த இயற்கணிதம் அவர்களுக்கு உவப்பாக இல்லை. அந்தப் புகழ்பெற்ற நூலாசிரியருக்கு நீர் உறவா என்று ஒரு பேராசிரியர் இந்த மாணவரையே கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. நூலைப் படித்தவர்கள் அதன் ஆசிரியர் இத்தனை இளையவர் என்று எண்ணியிருக்கவில்லை. சசூர் இறந்த இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1915இல், களிமண் பலகைகளில் கிடந்த ஹிட்டைட் மொழி வாசிக்கப்பட்டது. 1927இல் போலந்து அறிஞர் குரிலோவிச், சசூர் காகிதத்தில் கணக்கிட்டுக் குறித்த இடங்களில் ஹிட்டைட்டில் உண்மையாகவே ஒரு மெய்யொலி நிற்பதைக் காட்டினார். நூல் வெளிவந்து ஏறக்குறைய ஐம்பதாண்டுகள் கடந்திருந்தன.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். சசூர் மாணவராக இருந்த அதே லைப்சிக்கில், 1879இல், வூண்ட் தம் உளவியல் சோதனைக்கூடத்தை நிறுவினார். அவரிடம் பின்னாளில் பயின்ற டிட்ச்னர், நனவை அதன் அடிப்படை உணர்வுக் கூறுகளாகப் பிரித்துக் காண்பதே உளவியலின் வேலை என்று அமெரிக்காவில் நிறுவ முற்பட்டார். அந்தக் கொள்கைக்கும் அமைப்பியல் என்றே பெயர். இருவேறு கருத்துகள் ஒரே பெயரைத் தாங்கி நிற்பதால் நம் கட்டுரைகள் சிலவற்றில் இவை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. டிட்ச்னருக்குக் கூறுகள் முதலில், அவற்றின் கூட்டு பிறகு. சசூருக்கோ கூறு என்ற ஒன்று உறவுக்கு வெளியே இல்லவே இல்லை. இரண்டும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகள்.

1880இல் சமஸ்கிருதத்தில் ஆறாம் வேற்றுமையின் ஒரு தனிப் பயன்பாட்டைப் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றுப் பாரிஸ் சென்றார் சசூர். மறு ஆண்டே, தம் பாடத்தை விட்டுக்கொடுத்த மிஷெல் ப்ரேயாலின் பெருந்தன்மையால், உயர் ஆய்வுப் பள்ளியில் கோதிக்கும் பழைய ஜெர்மனும் கற்பிக்கத் தொடங்கினார். பத்தாண்டுகள் அங்கே பணி. மெய்யே, கிராமோன் போன்ற மாணவர்கள் உருவானார்கள். பிரெஞ்சு மொழியியலின் ஒரு தலைமுறையே அவர் வகுப்பிலிருந்து எழுந்தது எனலாம். பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்றிருந்தால் பாரிஸில் இன்னும் உயர்ந்த பதவி வந்திருக்கும். அவர் ஏற்கவில்லை. 1891இல் ஜெனீவாவுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு மணம் புரிந்து, சமஸ்கிருதமும் ஒப்பிலக்கணமும் கற்பிக்கும் பேராசிரியராக அமைந்தார்.

அதன்பின் மௌனம் இறுகத் தொடங்குகிறது. வெளியீடுகள் அருகின. நண்பர்களின் கடிதங்கள் பதில் இன்றிக் கிடந்தன. 1894 ஜனவரியில் மெய்யேவுக்கு எழுதிய கடிதம் ஒன்று அவருடைய உள்ளத்தைத் திறந்துகாட்டுகிறது. மொழியைப் பற்றிப் பத்து வரி பொருளுடன் எழுதுவதுகூட அவருக்குக் கடினமாகிவிட்டது. புழங்கும் கலைச்சொற்கள் எல்லாம் பொருத்தமற்றவை. மொழியியலாளன் தான் செய்வது இன்னதென்று அவனுக்கே முதலில் காட்டியாக வேண்டும். இதற்காகத் தாம் விரும்பாமலே ஒரு நூல் எழுத நேரிடலாம் என்று சலித்துக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்க மொழியியலாளர் விட்னி மறைந்தபோது நினைவுக் கட்டுரை கேட்டார்கள். பக்கம் பக்கமாக எழுதினார், அடித்தார், நடுவில் நிறுத்தினார். கட்டுரை அனுப்பப்படவே இல்லை. சோம்பல் என்று இதைச் சொல்ல முடியாது. துறையின் அடித்தளத்தில் ஒரு கல்கூட உறுதியாக இல்லை என்று கண்டவர், மேல்தளத்தில் சுவர் எழுப்ப மறுத்தார்.

இந்த ஆண்டுகளில் நிகழ்ந்த ஒரு விநோதம் தென்னிந்தியாவோடு தொடர்புடையது. ஜெனீவாவின் உளவியல் பேராசிரியர் ஃப்ளூர்னுவா, ஹெலன் ஸ்மித் என்ற புனைபெயரில் அவர் குறிப்பிடும் ஒரு பெண்மணியின் மோன நிலைகளை ஆராய்ந்துவந்தார். அந்தப் பெண்மணி முற்பிறவியில் தாம் கன்னட நாட்டு அரசன் ஒருவனின் மனைவியாகப் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகக் கூறி, அக்காலத்து மொழி என்று எதையோ பேசினார். சமஸ்கிருதப் பேராசிரியரான சசூர் அழைக்கப்பட்டார். கூட்டம் ஒன்றில் நேரில் அமர்ந்தும் கேட்டார். கன்னட நாட்டு அரசன் அந்தப்புரத்தில் கன்னடம் பேசாமல் சமஸ்கிருதம் ஏன் பேசினான் என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். பேசப்பட்டது சமஸ்கிருதம் அன்று என்று கண்ட சசூர் அதோடு விட்டுவிடவில்லை. அந்தப் பேச்சில் சமஸ்கிருதத்திற்கு ஒவ்வாதது என்று சொல்ல ஏதுமில்லை என்பதையும், சமஸ்கிருதத்தில் இல்லாத ஃப என்னும் ஒலி அதில் ஓரிடத்திலும் வரவில்லை என்பதையும் கவனித்தார். பிரெஞ்சில் பேசிப் பழகிய நாவில் அந்த ஒலி எங்ஙனம் முற்றிலும் மறையும்? தன் தாய்மொழியை மறைக்க விரும்பும் உள்மனம் அதன் பெயரின் முதல் எழுத்தையே விலக்கியது என்று விக்தோர் ஹென்றி பின்னர் விளக்கினார். இருக்கும் ஒலிகளைவிட இல்லாத ஒலி ஒன்று ஒரு மொழியின் முகத்தைக் காட்டக்கூடும் என்பதை, இருபத்தொரு வயதில் ஒருமுறை கண்டவர், இங்கே இன்னொரு வடிவில் கண்டார்.

கவிஞர்களுக்கு மிக நெருக்கமான சசூர் வெளிப்படுவது 1906 முதல் 1909 வரையிலான ஆண்டுகளில். பழைய லத்தீன் செய்யுள்களை ஆராயப் புகுந்தவர், அவற்றின் ஒலிகள் இணை இணையாக வருவதைக் கண்டார். பின்னர் அதற்கும் ஆழத்தில் வேறொன்றைக் கண்டார். அல்லது கண்டதாக நம்பினார். செய்யுளின் கருப்பொருளாகிய தெய்வத்தின் அல்லது தலைவனின் பெயர், அசை அசையாகப் பிரிந்து, அடிகளெங்கும் சிதறிக் கிடக்கிறது. கவிஞன் முதலில் அந்தப் பெயரின் ஒலிகளை எடுத்துவைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றியே சொற்களைத் தேர்ந்திருக்கிறான். லுக்ரீஷியஸின் காவியத் தொடக்கத்தில் வீனஸை அழைக்கும் வரிகளில் அஃப்ரோடைட்டின் பெயர் கேட்டது. ஹோமரிலும் வர்ஜிலிலும் கேட்டது. ரிக் வேதத்தின் முதல் பாடலில் அக்னியின் பெயர் பல வேற்றுமை உருவங்களில் ஒலித்தது. நூற்றுக்கு அருகே எண்ணிக்கை கொண்ட குறிப்பேடுகளை அவர் நிரப்பினார். அச்சில் வெளியிடாத உழைப்பு.

தேடத் தேடக் கிடைத்ததுதான் இடர். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பெயர் கிடைத்தது. செய்யுளோடு நிற்காமல் உரைநடையிலும் கிடைத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கவிஞர்கள் கைமாற்றிவந்த மறைபொருள் என்றால், அதைப் பற்றி ஓர் இலக்கண ஆசிரியன்கூட ஒரு வரி எழுதாமல் போனது ஏன்? தற்செயல் என்றால், இத்தனை ஒழுங்காக அமைவது எப்படி? இரண்டில் எதையும் அவரால் நிறுவ முடியவில்லை. இறுதியில் உயிரோடிருக்கும் கவிஞர் ஒருவரையே கேட்டுவிடத் துணிந்தார். இத்தாலியக் கவிஞர் ஜொவான்னி பாஸ்கோலி அக்காலத்தில் லத்தீனிலும் செய்யுள் இயற்றிப் பரிசுகள் பெற்றவர். அவருடைய வரிகளிலும் இத்தகைய ஒலிக்கோவைகள் தென்பட்டன. 1909இல் மிகுந்த தயக்கத்தோடு, இது திட்டமிட்டுச் செய்ததா தற்செயலா என்று வினவிச் சசூர் எழுதினார். இரண்டாவதாக எழுதிய விரிவான கடிதத்திற்கு மறுமொழி வந்ததாகச் சான்று இல்லை. அத்தோடு அந்த ஆராய்ச்சி நின்றது. கவிதை எழுதுகிறவர் எவரும் இந்தக் கேள்வியின் முன் சற்றே தடுமாறவே செய்வர். எழுதி முடித்த வரியில் பிறர் காட்டும் எதுகையைத் தானே வைத்ததாகவும், தன்னை அறியாமல் வந்ததாகவும் ஒரே நேரத்தில் சொல்லத் தோன்றும் இடம் அது. பாஸ்கோலியின் மௌனத்தை அலட்சியம் என்று கொள்ளவேண்டியதில்லை.

இதே ஆண்டுகளில்தான் மறு வேலையும் நடந்தது. 1906 இறுதியில் பொது மொழியியல் கற்பித்துவந்த பேராசிரியர் ஓய்வுபெற, அந்தப் பொறுப்பு சசூருக்கு வந்தது. அவராக விரும்பி ஏற்றதன்று. 1907, 1908-09, 1910-11 என்று மூன்று முறை பாடம் நடத்தினார். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கினார். முன் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் குறிப்புத் தாள்களைக் கிழித்தெறிந்துவிடுவார். 1911 மே மாதத்தில் கோத்தியே என்ற மாணவர் அவரைச் சந்தித்தபோது, தம் இருதலைக்கொள்ளி நிலையைச் சசூர் வெளிப்படையாகச் சொன்னார். ஐயங்கள் அனைத்தோடும் விஷயத்தை வைத்தால் அது தேர்வு எழுதவேண்டிய மாணவர்களுக்கான பாடம் ஆகாது. எளிமைப்படுத்தினால் மனச்சான்று இடங்கொடுக்காது. அதே மாதத்தில்தான், பாடம் முடிய இரண்டு மாதங்களுக்கும் குறைவாக இருந்தபோது, குறிப்பான், குறிப்பீடு என்ற இணையை முதன்முதலாக அவர் கரும்பலகைக்குக் கொண்டுவந்தார். இன்று திறனாய்வு எழுதும் எவர் கையிலும் புழங்கும் அந்தச் சொற்கள் அன்று பிறந்து சில நாட்களே ஆனவை.

அவர் சொன்னது என்ன? மொழி என்பது பொருள்களுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டுகளின் பட்டியல் அன்று. ஒலிப்படிமமும் கருத்தும் ஒரு தாளின் இருபக்கங்கள்போல் சேர்ந்தது குறி. அவற்றை இணைப்பது இயற்கைக் காரணம் அன்று, இடுகுறித்தன்மை. இடுகுறிப் பெயரும் காரணப் பெயரும் நன்னூலிலேயே உண்டே என்று நாம் நிறைவடைந்துவிடுவது அவசரம். சசூரின் அடி அதற்கு அப்பால் விழுகிறது. பெயர் மட்டுமா இடுகுறி? பெயரிடப்படும் கருத்தின் எல்லையே மொழிதான் வரைகிறது. பிரெஞ்சில் உடன்பிறந்த ஆணைக் குறிக்க ஒரே சொல். தமிழில் அண்ணன் உண்டு, தம்பி உண்டு. அண்ணன் என்ற சொல்லின் மதிப்பு தம்பி என்ற சொல் பக்கத்தில் நிற்பதால் வருவது. புலியும் புளியும் வேறாவது ல, ள என்னும் ஒலிகளின் தனிக்குணத்தால் அன்று. தமிழ் அவற்றை வேறென்று கொள்வதால். மொழியில் உள்ளவை வேற்றுமைகளே என்பது இதன் பொருள். சதுரங்கத்தில் குதிரை தொலைந்துபோனால் ஒரு பொத்தானை வைத்து ஆடலாம். காய் எதனால் ஆனது என்பது ஆட்டத்திற்கு வேண்டாம். ஒவ்வொரு நாளும் வேறு எஞ்சினும் வேறு பெட்டிகளும் வந்தாலும், ஜெனீவாவிலிருந்து பாரிஸ் செல்லும் 8.45 மணி வண்டி அதே வண்டிதான்.

இவ்வாறு பார்க்க வேண்டுமானால் தனிமனிதர் பேச்சாகிய பரோலிலிருந்து சமூகத்தின் பொது உடைமையாகிய லாங் என்னும் மொழியமைப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். சொல் வரலாற்றை ஒதுக்கிவைத்து ஒரு காலகட்டத்து அமைப்பை அதனளவில் காண வேண்டும். சமூகத்தில் வாழும் குறிகள் அனைத்தையும் ஆராயும் ஒரு பேரறிவியல் வரும், மொழியியல் அதில் ஒரு பகுதியாகும் என்றும் அவர் கருதினார். சடங்கும் மரியாதை முறைகளும் அதில் அடங்கும்.

1912 கோடையில் நோய் அவரை வகுப்பிலிருந்து விலக்கியது. 1913 பிப்ரவரி 22 அன்று, வோ மாநிலத்து வுஃப்ளான் மாளிகையில், ஐம்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். பாலியும் செஷ்ஹேயும் அவர் மேசை இழுப்பறைகளில் விரிவுரைகளைத் தேடினர். பயன்படும்படி அதிகம் கிடைக்கவில்லை. ரீட்லிங்கர் முதலிய மாணவர்களின் குறிப்பேடுகளை வாங்கி, மூன்று பாடங்களையும் ஒன்றாக இழைத்து, 1916இல் பொது மொழியியல் பாடநூலை வெளியிட்டார்கள். குறிப்புத் தந்தவர்களில் செஷ்ஹேயின் மனைவி மார்கரீத்தும் ஒருவர். மூன்றாம் பாடத்தைக் கேட்ட அவர் பின்னாளில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான மருத்துவத்தில் பெயர்பெற்றார். சசூரின் மகன் ரேமோனும் ஃபிராய்டிடம் சென்று உளப்பகுப்பாளர் ஆனார். மொழியும் உள்மனமும் சந்திக்கும் இடம் லக்கானுக்கு முன்பே அந்த வட்டத்தின் வாசலில் இருந்தது.

பதிப்பாசிரியர்களின் தொண்டு பெரிது. அவர்கள் இல்லையேல் சசூர் ஒப்பிலக்கண வரலாற்றின் அடிக்குறிப்பாகவே நின்றிருப்பார். ஆனால் தொண்டு என்பதற்காக இழப்பை மறைக்க முடியாது. தயங்கித் தயங்கிச் சொன்னவரின் குரல் அறுதியிட்டுச் சொல்பவரின் குரலாக மாறிற்று. வரிசை மாறிற்று, உலகின் பல மொழிகளைக் காட்டிவிட்டு மொழியமைப்புக்கு வந்தவர், நூலில் மொழியமைப்பிலிருந்தே தொடங்குகிறார். மொழியியலின் ஒரே உண்மையான பொருள் மொழியமைப்பே, அதுவும் அதற்காகவே, என்னும் கருத்தில் முடியும் புகழ்பெற்ற கடைசி வாக்கியம் எந்த மாணவர் குறிப்பேட்டிலும் காணப்படவில்லை. அமைப்பியலை வரலாறு அற்றது, பேசும் மனிதனை மறந்தது என்று கண்டித்தவர்களின் அம்புகளில் பல அந்த வாக்கியத்தின் மேல்தான் தைத்தன. 1957இல் கோடெல் மூலக் குறிப்புகளை ஆராய்ந்து வெளியிட்ட பிறகே இது தெளிவாயிற்று.

அதற்குள் நூல் தன் பாதையில் வெகுதூரம் சென்றிருந்தது. யாகப்சனும் ப்ராக் வட்டத்தாரும் அதிலிருந்து ஒலியனியலை வளர்த்தனர். போர்க்காலத்தில் நியூயார்க்கில் அடைக்கலம் புகுந்திருந்த லெவி ஸ்ட்ராஸ் யாகப்சனின் விரிவுரைகளைக் கேட்டு, ஒலிகளைப்போலவே திருமண உறவுகளும் வேற்றுமைகளின் அமைப்பே என்று கண்டார். அவருடைய உறவுமுறை நூல் 1949இல் வந்தது. பார்த் உடையிலும் உணவிலும் குறிகளைத் தேடினார். பியாஜே 1968இல் அமைப்பியல் என்ற பெயரிலேயே ஒரு சிறுநூல் எழுதி, உறைந்து நிற்கும் அமைப்பை விடத் தன்னைத்தானே உருவாக்கிக்கொள்ளும் அமைப்பே உளவியலுக்குத் தேவை என வாதிட்டார். சசூரின் நகரிலிருந்தே எழுந்த மறுப்பு அது. அதற்கு ஓராண்டு முன்பே தெரிதா, எழுத்தைப் பேச்சின் நிழலாகக் கருதியதைச் சுட்டிச் சசூரைச் சசூராலேயே மறுத்திருந்தார். தமிழில் 1982இல் வெளிவந்த தமிழவனின் ஸ்ட்ரக்சுரலிசம் நூல் வழியாகவே இந்த விவாதம் சிற்றிதழ் உலகில் சூடுபிடித்தது. ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சசூரின் பெயரை ஓயாது சொன்னார்கள். அவருடைய ஐயங்கள் அந்தச் சண்டையில் யாருக்கும் பயன்படவில்லை.

ஒலிப்பெயர்க் குறிப்பேடுகளை ஸ்டரோபின்ஸ்கி 1964 முதல் வெளிக்கொணர்ந்தபோது, சட்டகம் போட்ட பேராசிரியருக்குப் பின்னே சொற்களுக்கடியில் சொற்களைக் கேட்ட இன்னொருவர் இருப்பது தெரியவந்தது. கிறிஸ்தேவா போன்றோர் அவரையே முதன்மையாகக் கொண்டனர். 1996இல் ஜெனீவாவில் குடும்ப மாளிகையின் கண்ணாடிச் செடிவீட்டில் ஒரு கட்டுக் காகிதங்கள் கிடைத்தன. மெய்யேவிடம் சலிப்போடு குறிப்பிட்ட அந்த நூலுக்காக அவர் எழுதிப்பார்த்த பக்கங்கள் அவற்றில் இருந்தன, 2002இல் அச்சேறின. மொழியின் இரட்டை இயல்பைப் பற்றிய அந்தப் பக்கங்களில் அவர் பலமுறை தொடங்குகிறார், பலமுறை நிறுத்துகிறார். பல வாக்கியங்களின் நடுவே ஒரு சொல்லுக்குரிய அளவு இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. பொருத்தமான கலைச்சொல் கிடைத்ததும் நிரப்பலாம் என்று விட்ட இடங்கள். பதிப்பாளர்கள் அவற்றை நிரப்பாமல், வெற்றிடமாகவே அச்சிட்டிருக்கிறார்கள்.